பவானி அன்ரியின் பூச்சாடிகள்

போன கிழமை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பவானி அன்ரியின் பூச்சாடிகளை வெளியேற்றினார்கள். காரணம் நான்.

கணவருக்குப் பல் முரசில் ரத்தம், கையெல்லாம் நீலக் கண்டல். பிளேட்லெட் குறைவு என்றார்கள். டெங்கு என்றுதான் நினைத்தோம்... கொழும்பில் வேறென்ன நினைப்பது?

ரத்தத்தை மறுபடி பார்த்த டொக்டர், "அக்யூட் புரோமைலோசைட்டிக் லூக்கேமியா. ரத்தப் புற்றுநோய்தான். ஆனா சுகமாக நல்ல வாய்ப்பிருக்கு. முதல் கிழமைகளில ரத்தக்கசிவைத் தாண்டோணும்," என்றார். முழு முடிவு வருமுன்பே, விற்றமின் ஏ வகைக் குளிசையை விழுங்கக் கொடுத்தார். பிறகு ஆர்சனிக் ட்ரிப் — ஆம், நஞ்சென்று நாம் படித்த அதே ஆர்சனிக்.

மாமியின் கவலை வேறு. "பிள்ளை, ஆக்களுக்கு டெங்கு எண்டே சொல்லுவம். இவளுக்குக் கலியாணம் பேசிற நேரம்..." இவள், என் மச்சாள், கணவரின் தங்கை.

இது பரம்பரை நோயல்ல என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை எடுத்துச் சொல்லாமல், "ஓம் மாமி" என்றேன்.

டெங்கு என்றால் ஃபிளாட் கமிட்டி சும்மா இருக்குமா? சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கீழ் வீட்டுப் பவானி அன்ரியின் சாடித் தட்டுகளில் நுளம்புப் புழு. அன்றைக்கே சாடிகள் வெளியே போயின.

மறுநாள், டெங்குக்குக் கொடுக்கும் பப்பாசி இலைச் சாற்றோடு அன்ரி என் வாசலில்.

"என்ர சாடியாலதானே பிள்ளை... தம்பிக்கு ஏதும் நடந்தா உன்ர முகத்தில எப்பிடி முழிப்பன்?"

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"டெங்கு இல்லை அன்ரி. ரத்தத்தில கான்சர்."

"அப்ப என்ர சாடி ஒண்டும் செய்யேல்லை?"

"இல்லை அன்ரி." அப்போதும் நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அன்ரி தலையாட்டினார். "இந்தச் சாறை வெளியில ஊத்திவிடு. டொக்டரைக் கேளாம ஒண்டும் குடுக்காத. உன்ர குழந்தையை என்னட்டைத் தந்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

இப்போது படியில் நாலு பேர் நிற்கும்போது அன்ரியே சத்தமாகக் கேட்கிறார்: "தம்பியின்ர டெங்கு எப்பிடி?" அந்த நாலு பேரும் திரும்பி அவரைத்தான் முறைக்கிறார்கள்.

டெங்கு வந்தால் நுளம்பைத் திட்டுகிறோம். புற்றுநோய் வந்தால் மட்டும் ஏன் நாமே ஏதோ செய்துவிட்டதுபோல் ஒளிக்கிறோம்?

கணவருக்கு முரசில் ரத்தம் வருவது நின்றிருக்கிறது. ஆபத்தை இன்னும் தாண்டவில்லை. "இதை எல்லாருக்கும் தெரிய எழுதட்டோ?" என்று கேட்டேன். "எழுது," என்றார். மச்சாளும் அதையே சொன்னாள். மாமியிடம் கேட்கவில்லை... இதை வாசித்துத் தெரிந்துகொள்வார்.

ஃபிளாட் கமிட்டிக்கு — எங்கள் வீட்டில் டெங்கு இல்லை. அன்ரியின் சாடிகளை உள்ளே விடுங்கள்.