டச்சுக்காரன் காலத்துத் தண்ணீர்

காயும் இறாலின் வாடை முதலில் உப்பாக மூக்கில் ஏறும், அப்புறம்தான் மணக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்துக்கு எதிரே இருந்த மணல்மேட்டில், அந்த வாடைக்குள்தான் நான் வளர்ந்தேன். ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அங்கே நடந்தவை வரிசையாக:

1. வெளியூர்க்காரர் ஒருவர் ஆட்களோடு வந்து, இறால் பண்ணை போடப்போவதாகச் சொல்லி மேட்டைச் சுற்றிக் கல் நட்டார்.
2. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் விலைக்கு வாங்கிய மேடு அது என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார்.
3. டச்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே இறால் காயவைக்கிறோம் என்று எங்கள் குப்பமும் மனு கொடுத்தது.
4. தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று செய்தி வந்தது.
5. நான் மூன்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

ஐந்தாவதை நான் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று என் நைனா நினைத்தார். மேடு போனால் பெண்களுக்குக் காயவைக்க வேறு இடமில்லை. மழை மாதங்களில் படகு இறங்காதபோது, கோடையில் காயவைத்து விற்றதைக் கொண்டுதான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. நைனாவின் அக்கா மங்கா அத்தை வீட்டில் வேறு வருமானமே கிடையாது.

முதல் படம் மனுவோடு சேர்க்க வாங்கிய கிராம வரைபடத்தின் நகல். இரண்டாவது ரயில்வே படம். எளாவூர்ப் பக்கம் ரயில் பாதையில் வேலை பார்த்து இறந்துபோன, அத்தையின் கணவரான மாமாவின் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் அத்தை விரித்திருந்தது. தண்டவாளத்திலிருந்து ஏரிவரை வண்டிப்பாதைகளெல்லாம் அதில் இருந்தன. மூன்றாவது டச்சுக்காரர்கள் வரைந்த படத்தின் நகல். டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பெரியப்பா மகனுக்கு யாரோ கொடுத்துப் போனது. மூன்றிலும் பழைய டச்சுக் கோட்டையும் கல்லறையும் இருந்தன. அவற்றுக்கு இடையிலான தூரம் மூன்றிலும் ஒன்றாகும்வரை பொன்னேரி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வாங்கிவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்தேன்.

கிராமப் படத்தில் மேடு இருந்தது. ரயில்வே படத்தில் அதைவிடச் சிறிய மேடு, அதன்மேல் ஒரு வண்டிப்பாதை. டச்சுப் படத்தில் அந்த இடத்தில் அலைக்கோடுகள் மட்டுமே இருந்தன.

"நைனா, டச்சுக்காரன் காலத்துல மேடே இல்ல. தண்ணிதான் இருந்திருக்குது."

நைனா வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். "அத்த மடிச்சி உள்ள வையி. நம்ம மனுவுல இன்னா எழுதிக்கீறோம்? டச்சுக்காரன் காலத்துல இருந்து காய வெக்கிறோம்னு. தண்ணில காய வெச்சோம்னு சொல்லவா?"

தவறு மனு எழுதினவருடையது மட்டுமல்ல. பழவேற்காட்டில் பழையது எதுவானாலும் "டச்சுக்காரன் காலத்துது"தான். உடைந்த கிணறும் அப்படித்தான், துருப்பிடித்த நங்கூரமும் அப்படித்தான். மனு எழுதும்போதும் அதே பேச்சு தாளில் ஏறிவிட்டது.

அத்தை படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு நைனா பக்கம் திரும்பினாள். "டேய் தம்பி, அந்தாளும் அதே காலந்தான சொல்லிக்கீறான்? காட்டினா நம்ம பொய்யும் தண்ணில முழுவும், அவன் பொய்யும் முழுவும். மேடு நிக்கும்."

"நின்னு? நம்ம பேருல வருமா?" என்றார் நைனா.

"வராது. அவன் பேருலயும் வராதுல்ல."

நைனாவுக்கு மனமில்லை. ஆனால் காயவைப்பவள் அத்தை. முடிவை அவளிடமே விட்டார்.

தாசில்தார் வந்த அன்று வெயிலில் மேடு முழுக்க இறால் சிவந்து கிடந்தது. வெளியூர்க்காரர் தம் மனுவைப் படித்துக் காட்டி முடித்ததும், அத்தை என்னை முன்னால் தள்ளினாள். படங்களைச் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தாசில்தார் குனிந்து, விரலால் கோட்டையைத் தொட்டு, அங்கிருந்து அலைக்கோடுகளுக்கு வந்தார்.

அத்தை வெளியூர்க்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க பாட்டன் மேட்ட வாங்கல, ஏரிய வாங்கிக்கீறாரு. எறங்கி வேலி போடுங்க, நாங்க வேணா படகு தர்றோம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்து பறந்தன.

"அம்மா, இது உங்க மனுவையும் பொய்யாக்குதே?" என்றார் தாசில்தார்.

"ஆவட்டும் சார். எங்க ஊர்ல என் மாமியா கொடுத்த சட்டி கூட டச்சுக்காரன் காலத்துதுதான். ரயிலு படத்துல மேடு கீதா இல்லியா, அத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். டச்சுக்காரர்கள் போனபிறகு ஏரியே ஒதுக்கிய மணல் அது. பிறகு வந்த உத்தரவு, மேட்டை ஏரிப் புறம்போக்கு என்றது. கற்கள் பிடுங்கப்பட்டன. எங்கள் மனுவும் தள்ளுபடியானது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு நைனா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

இப்போது நான் சென்னையில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நில வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை ஓய்ந்த நேரத்தில் அந்த மூன்று படங்களோடு நாலாவதாகப் புதிய படத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. ரயில்வே படத்து வண்டிப்பாதை புதிய படத்தில் தெரியவில்லை. மேட்டின் வடபாதி, டச்சுப் படத்தில் இருந்தபடியே, மறுபடி தண்ணீராகிவிட்டது. தென்பாதி இருக்கிறது, யார் பெயரிலும் பட்டா இல்லை. மங்கா அத்தை அங்கே இறால் காயவைக்கிறாள்.