ஓரம் வெட்டிய பாட்டுப் புத்தகம்

கோவில்பத்து இருதயமேரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மின்விசிறிதான் எதிரி. மாதா கோயிலில் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை வாசிக்கும்போது எதிரே வைத்த இசைத் தாள்கள் பறந்துவிடும். கிளிப் மாட்டினால் புரட்ட முடியாது. விசிறியை நிறுத்தினாலோ பங்குச்சாமியாருக்கு வேர்க்கும்.

தாள்கள் எல்லாம் கணவன் சந்தனசாமி புதுச்சேரியிலிருந்து வாங்கிச் சேர்த்தவை. காலமெல்லாம் கோயிலில் வாசித்தவன் அவன்தான். தொண்டையில் புற்று வந்து பேச்சு நின்றுபோன கடைசி வருஷத்தில், தையல் மெஷினைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத பெண்டாட்டியைப் பெட்டிமுன் உட்காரவைத்துப் பழக்கினான். வாயால் சொல்ல முடியாததைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினான். 'மெதுவா, மேரி.' 'பாடுறவங்க மூச்சு வாங்கட்டும்.' 'என்ன அவசரம் உனக்கு?' எழுபத்தொன்பதாம் வருஷம் அவன் போன பிறகும் அவளிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

எண்பத்திரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் தாள்களைப் பிரித்து அடுக்கினாள். கிறிஸ்துமஸ், தவக்காலம், பாஸ்கா, கல்யாணம், கடைசியில் அடக்கப் பாட்டு. ஆபீஸ் ரெஜிஸ்டர்களுக்கு பைண்டிங் போடும் பீர் மைதீனிடம் கொண்டுபோனாள்.

"தாளு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு பாய். புரட்டுறப்ப வெரலு தட்டுது. எல்லாம் ஒரே மட்டமா இருக்கட்டும்."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், பாவி.

சிவப்புக் காலிகோ துணி போட்டுப் புத்தகம் அழகாக வந்தது. "எங்க தொறந்தாலும் படிஞ்சு நிக்கும், பாருங்கம்மா" என்றார் பாய். திறந்தாள். மூன்று பக்கமும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"ஓரமெல்லாம் எங்க பாய்?"

"வெட்டுத்தாளா? பசை காய்ச்சுற அடுப்புல போட்டுட்டேன். நீங்கதானேம்மா மட்டமா இருக்கணும்னீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான்.

மூன்று வருஷம் பார்த்து வாசித்தவளுக்கு ஓரத்தில் அவன் எழுதியதெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்காதா என்று கேட்கலாம். ஆகவில்லை. பக்கத்தில் ஆள் இருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது யார் மனப்பாடம் செய்கிறார்கள்?

கிறிஸ்துமஸ் பூசையில் விசிறி முழு வேகத்தில் சுற்றியது. ஒரு தாளும் அசையவில்லை. ஓரத்தில் கண் போன இடத்தில் எல்லாம் வெறும் விளிம்பு. அவள் காலும் கையும் கட்டவிழ்ந்து ஓடின. பாடகர் குழு மூச்சிரைக்கப் பின்னால் வந்தது.

பூசை முடிந்ததும் குழுவில் பாடும் செல்வம்மாள் அருகே வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு என்ன அவசரம் உனக்கு?"

இருதயமேரி புத்தகத்தை மூடினாள்.

"மெதுவாப் போன்னு சொல்றதுக்கு ஆளு இல்லடி" என்றாள்.