அரிசி டின்னில் கார் சாவி

போன வாரம் திங்கட்கிழமை விடிகாலையில் எங்கள் வீட்டுக் கார் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன்.

திருடனுக்குப் பயந்து இல்லை. என் மகளுக்குப் பயந்து... அதாவது, மகளை நினைத்துப் பயந்து.

சங்கீதாவுக்கு இருபத்தாறு வயது. வில்லியனூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுகிற வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடிந்ததுமே வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். ஆறு மணிக்கு இவள் அங்கே இருந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் மடுகரையிலிருந்து பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியுமா? அதற்காகத்தான் போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினாள். வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வலது காலால் பிரேக் போடுகிறவன். அங்கே பிரேக் இல்லை என்பது வேறு விஷயம். என் காலடியில் மேட் தேய்ந்திருக்கிறது.

அந்தக் காரில் மூன்று வாரமாக ஒரு விளக்கு எரிகிறது. எப்போதும் எரிந்தால்கூடப் பரவாயில்லை. சில நாள் எரியாமலும் இருக்கிறது. அதுதான் என்னைப் படுத்தியது.

ஸ்பீடு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக, ஒரு வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்று மூன்று எழுத்து. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச தூரம் போனால் காணாமல் போய்விடும். இரண்டு நாள் பேச்சே இருக்காது. அப்பாடா என்று மூச்சு விட்டால், மூன்றாம் நாள் வந்து நிற்கும்.

காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டியதில் ‘பிரேக்’ என்ற ஒரு வார்த்தை பிடிபட்டது. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா?

மதகடிப்பட்டில் மெக்கானிக் ஏழுமலையிடம் இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் அவர் கடை வாசலில் விளக்கு எரியவே இல்லை. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி ஓடிப்போகுமே, அது மாதிரி! அவர் ஒரு சின்ன மெஷினை மாட்டிப் பார்த்தார்.

“பழைய கம்ப்ளெயின்ட்டு ஒண்ணு காட்டுதுண்ணா. முன்னாடி லெஃப்ட்டு வீலு சென்சாரு. ஆனா இப்போ நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார். கழற்றித் துடைத்து மாட்டினார்.

“பிரேக் புடிக்குமா, புடிக்காதா?”

“சாதா பிரேக் புடிக்கும்ணா. திடீர்னு ஏறி மிதிச்சா வண்டி வழுக்காம பாத்துக்கும் பாரு, அது மட்டும் வேலை செய்யாது. ரொம்ப நாள் இப்படியே வுடாதீங்க. எரியறப்போ வண்டிய எடுத்துக்கினு வாங்க.”

நாலு வாக்கியம் சொன்னார். எனக்குக் கேட்டது ‘வழுக்கும்’ என்பது மட்டும். அவர் ‘வழுக்காம’ என்றுதான் சொன்னார் என்று சங்கீதா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் அரிசி டின்.

காலை ஐந்தரைக்கு மகள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி வசந்தா உலை வைத்துவிட்டு அரிசி அளக்கப் போனாள். படியோடு சாவியும் வந்தது.

“இன்னாங்க, இன்னிக்கு சாவி சோறா?”

நான் சிரிக்கப் பார்த்தேன். மகள் சிரிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாவியில் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, கூட வேலை செய்யற பொண்ணு வில்லியனூர்லயே ரூம் எடுத்துருக்குது. இன்னொரு ஆளு வேணுமாம். நான் போயிடறேன். வண்டி இங்கயே நிக்கட்டும். நீயும் பயப்படாம இரு.”

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எழுத்து கிடையாது.

எழுந்து உட்கார்ந்தேன். “ஒரு வாரம் குடும்மா. நான் கூட வரேன். எப்ப எரியுது, எங்க எரியுதுன்னு ஒண்ணு வுடாம எழுதறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபுடிச்சிடலாம்.”

“கண்டுபுடிக்கலன்னா?”

“நீ சொன்ன மாதிரியே செய்யி.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதற்கும் பயம் வந்துவிட்டது.

ஆறு நாள் போனேன். காலையில் அவளோடு கிளம்புவேன். அவள் வேலை முடிகிற மத்தியானம் வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்து, “வெறும் வயிறா, சாப்டாச்சா?” என்று ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தே விட்டார். பிறகு மகளோடு திரும்புவேன். மடியில் நோட்டு, கையில் பென்சில்.

சனிக்கிழமைக்குள் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். விளக்கு எரிந்தது மொத்தம் நாலே தடவை. நாலும் வரும்போதுதான். போகும்போது ஒரு தடவைகூட இல்லை. மத்தியான வெயிலில் எஞ்சின் சூடு ஏறுவதால் என்பது என் கணிப்பு.

வசந்தாவின் கணிப்பு வேறு. “வூட்டுக்கு வரதுன்னா வண்டிக்கே புடிக்கல. வந்து நின்னா நீங்க பொலம்புவீங்கன்னு அதுக்கும் தெரிஞ்சிபோச்சி.”

அன்று மத்தியானம் சங்கீதா நோட்டை வாங்கி உரக்கப் படித்தாள்.

“‘நாய் குறுக்கே வந்தது. பயமாக இருந்தது. கரும்பு டிராக்டர், பின்னால் விளக்கு இல்லை. பயமாக இருந்தது. சங்கீதா போனைப் பார்த்தாள். பார்க்கவில்லை, மணி பார்த்தாள்...’ இன்னாப்பா இது? விளக்கப் பத்தி எழுதறேன்னுட்டு உன்னப் பத்தி எழுதி வெச்சிருக்க!”

வீடே சிரித்தது. நானும்தான். ஆனால் அவள் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பென்சிலை வாங்கினாள். நாலு இடத்தில் கோடு போட்டாள். மதகடிப்பட்டில் மெயின் ரோட்டிலிருந்து மடுகரை ரோட்டுக்குத் திரும்பும் இடம், இரண்டு தடவை. பெட்ரோல் பங்க்கில் நுழையும்போது ஒரு தடவை. எங்கள் வீட்டு கேட்டில் ஒரு தடவை.

“அப்பா, நாலும் லெஃப்ட்டு. ஸ்டியரிங்க நல்லா ஒடிச்சித் திருப்பற இடம். போவறப்போ இப்படி ஒரு திருப்பமே கெடையாது.”

நான் எழுதியதுதான். என் கையெழுத்துதான். ஆனால் என் நோட்டில் நாய்க்கும் டிராக்டருக்கும் அந்தத் திருப்பத்துக்கும் ஒரே அளவு இடம். பயப்படுகிறவனுக்கு இதுதான் கஷ்டம் – எல்லாமே முக்கியமாகத் தெரியும். அதனால் முக்கியமானது தெரியாமல் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை கடை. ஜாக்கி வைத்துத் தூக்கினார். சங்கீதாவை உள்ளே உட்காரச் சொன்னார்.

“பாப்பா, லெஃப்ட்ல முழுசா ஒடி. ஆங்... அப்படியே புடி.”

மஞ்சள் விளக்கு எரிந்தது! வாழ்க்கையில் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

ஏழுமலை டார்ச்சோடு சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டார். சென்சாரைத் தாண்டி, மேலே கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்தது ஒரு காய்ந்த செடிச் சுருணை. கயிறு மாதிரி முறுக்கி, கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடந்தது. அதில் ஒரு நெற்று ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினார். உள்ளங்கையில் கறுப்பாக மூன்று மணி விழுந்தது.

“இன்னாண்ணா இது... உளுந்து!”

எங்கள் வீட்டு உளுந்து.

எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த நிலத்தில் உளுந்து போடுவோம். செடியைப் பிடுங்கிக் காய வைத்து ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டி சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். இந்த வருஷம், அந்த விளக்கு எரிய ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் உளுந்தைப் பரப்பியபோது தெருவில் வண்டி குறைவு. வருகிறேன் என்ற டிராக்டரும் வரவில்லை. மேற்கே மேகம் கூடிவிட்டது. “சங்கீதா, உன் வண்டியிலயே நாலு சுத்து சுத்தும்மா” என்றேன்.

“வேணாம்பா, அடியில சுத்திக்கும்.”

“இன்னா சுத்திக்கும்? ரோட்டுல எல்லாரும் ஓட்டல?”

நாலு சுற்று இல்லை, நாற்பது சுற்று இருக்கும். நான் முறத்தோடு ஓரத்தில் நின்று கை காட்டினேன். “லெஃப்ட்ல நல்லா ஒடிம்மா! அந்த ஓரத்துல செடி அப்படியே கெடக்குது பாரு!”

கொசு கடித்தாலே டெங்குவா என்று யோசிக்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் எனக்குத் துளி பயம் இல்லை. பயந்தவள் அவள்.

செடி சுற்றி இழுத்ததில் சென்சார் வயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்திருக்கிறது. வயருக்குள் கம்பி அறுந்திருக்கிறது. மேல் தோல் நன்றாக இருந்ததால் முதலில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. “சக்கரம் நேரா இருந்தா ஒட்டிக்குது, ஒடிச்சா வுட்டுப்போவுது” என்றார் ஏழுமலை. பிறகு காருக்குள் பார்த்துக் கேட்டார்: “யாரும்மா உளுந்து மேல இத்தினி சுத்து சுத்தனது?”

“நான்தாண்ணா” என்றாள் சங்கீதா. “தெரியாம ஓட்டிட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான்தான்பா ஓட்டச் சொன்னேன்” என்றேன். “பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சி.”

“தெரியும்ணா” என்று ஏழுமலை வயரைக் கழற்ற ஆரம்பித்தார். “உளுந்து உன்னுதுதான?”

பதினோரு பக்கம் எழுதினேனே, அதில் உளுந்து என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. இவ்வளவு நாளும் நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் உளுந்தைப் பரப்பிய என் கையைப் பார்க்கவில்லை.

புது வயர் போட்டாயிற்று. மதகடிப்பட்டில் லெஃப்ட்டு திரும்பினோம். விளக்கு எரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

“விளக்குதான் சரியாயிடுச்சே... ரூமு இன்னா ஆச்சி?”

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “விளக்குக்காகவா நான் ரூம் பாத்தேன்? அரிசி டின்னுக்காகப்பா.”

வீட்டுக்கு வந்ததும் வாசல் நிலைக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி அடித்தேன். அவள் சாவியை அதில் மாட்டினாள். இப்போதைக்கு அதுதான் பதில்.

இன்று காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள். நான் கூடப் போகவில்லை. வாசலில் நின்றேன். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் என் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.