உடன் வருவோர் வெளியே இருக்கவும்

"நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவருடன் வருவோர், அவர் எவராயினும், அறைக்கு வெளியிலேயே இருத்தல் வேண்டும்." நியமன நடைமுறைகளில் இது சின்ன விதி. அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில், பயணப்படி கிடையாது என்ற வரிக்கும் அசல் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும் என்ற வரிக்கும் நடுவே இருக்கும். பயணப்படி வரியை எல்லாரும் படிப்பார்கள். இதை யாரும் படிப்பதில்லை. நான் கல்லூரி ஆசிரியர் நியமனப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். இந்த வரியை எத்தனை முறை தட்டச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும், இது வேண்டாத வரி என்று நினைக்கும் மேலதிகாரி ஒருவர் இருப்பார். ஒவ்வொரு முறையும் நான் அதை மறுபடி சேர்த்துவிடுவேன்.

சென்ற மாதம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தன்னை எடுத்துரைப்பது எப்படி, வேலைக்குத் தயாராவது எப்படி என்பது தலைப்பு. வேலைவாய்ப்பைக் கவனிக்கும் இளைஞர், "பத்துப் பாயிண்ட்டாக் குடுத்துட்டீங்கன்னா போதுங்க மேடம், பசங்க போட்டோ எடுத்துக்குவாங்க" என்றார். கொடுத்தேன். கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டாதீர்கள், எதிரே இருப்பவர்களுக்கும் படிக்கத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இப்படியாகப் பத்து. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது வாயிற்கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். என் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைப் பார்த்து என்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார்.

"ஏனுங்க, நாளைக்குக் கம்பெனிக்காரங்க வாராங்களாமா. எம் புள்ள பயந்த சுபாவமுங்க. நானும் உள்ள ஓரமா உக்காந்துக்கலாமுங்களா? ஒண்ணும் பேச மாட்டனுங்க."

"முடியாதுங்க. அதுக்கு விதியில எடமில்ல" என்றேன்.

"செரிங்க. கேட்டுப் பாத்தேன்" என்று அவர் நகர்ந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ஒண்ணும் பேச மாட்டேன் என்று அவர் சொன்னதையும் நான் நம்புகிறேன். என் அப்பாவும் பேசக்கூடாது என்று நினைத்துத்தான் உள்ளே போனார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தாள். அப்பாவின் தங்கை. தாவரவியலில் முதல் வகுப்பு. அவளைச் சேலத்துக் கல்லூரி விடுதியில் விட்டபோது உறவுக்காரர்கள் அப்பாவைச் சும்மா விடவில்லை. "பொட்டப் புள்ளைய ஆஸ்டல்ல உட்டுட்டு நீ எப்பிடித் தூங்கற?" என்று கேட்டவரிடம் அப்பா, "பாய் போட்டுத்தான்" என்று சொன்னதாக அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கியவர் அவர். அத்தையின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவருடைய மதிப்பெண்தான்.

ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு அத்தைக்கு அழைப்பு வந்தது. ஆய்வகத்தில் மாணவிகளுக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தரும் வேலை. நேர்காணலில் ஏதாவது ஒரு பாடத்தை விளக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தை ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். வேரில் இருக்கும் தண்ணீர் மரத்தின் உச்சி இலைக்கு எப்படிப் போகிறது?

ஒத்திகைக்கு அதிகாரி வேண்டும். அம்மாவுக்கு மாட்டு வேலை. அதனால் அந்தப் பதவி எனக்கு வந்தது. நான் வகித்த பதவிகளில் அதுவே உயர்ந்தது. நிலக்கடலை மூட்டைகளை அடுக்கி அதன்மேல் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கேள்விகளை அத்தையே எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தாள்.

"முந்தானைய எதுக்குத் திருகறீங்க? சத்தமாச் சொல்லுங்க, காது கேக்கல" என்பேன்.

"ஆபீசருக்கு வயசாயிருச்சுங்களா?"

"அதிகம் பேசாதீங்க. மார்க்கக் கொறச்சுருவேன்."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். தண்ணீரை யாரும் கீழேயிருந்து தள்ளுவதில்லை. வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகிறது. போகும் நீர் தனக்குக் கீழே இருக்கும் நீரை இழுக்கிறது. நூலைவிட மெல்லிய குழாய்களில் நீர்த்துளிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் வேர் வரைக்கும் அந்த இழுப்பு போய்ச் சேருகிறது. இதை அவள் சொல்லும்போது கை தானாக மேலே எழும். நானும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். முடிந்ததும், அவள் சொல்லிக்கொடுத்தபடி அதிகாரிக் குரலில் நான் சொல்ல வேண்டும்: "நீங்க போலாம். முடிவு தபால்ல வரும்."

ஒரே ஒரு குறை இருந்தது. வாசற்படியில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அத்தை பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். கை கீழே வந்துவிடும். அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "படிங்க, படிங்க" என்று போய்விடுவார். அவர் போன பிறகும் விட்ட இடம் அத்தைக்குப் பிடிபடாது. அதிகாரி என்ற முறையில் இதற்கும் மார்க்கைக் குறைத்தேன். அதற்குமேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யாருமே யோசிக்கவில்லை.

நேர்காணலுக்கு அப்பா கூடப் போனார். சேலத்துக்குப் பஸ்ஸில் போகும் ஆசையில் அழுது நானும் ஒட்டிக்கொண்டேன். கல்லூரி வராந்தாவில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கித்தான் நின்றார். விதி தெரியாமலே விதிப்படி நடந்த மனிதர் அவர். கெடுத்தது கதவைத் திறந்துவிட்ட கடைநிலை ஊழியரின் மரியாதை.

"பெரியவங்க நிக்கலாமுங்களா? உள்ள வாங்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் அப்பாவின் வெள்ளை வேட்டியையும் கூப்பிய கையையும் பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போடச் சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது. அத்தைக்கு அடுத்து அப்பாவும் அவரை ஒட்டி நானுமாக உட்கார்ந்தோம். அதுவரை மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அப்பாவுக்கும் புரிய வேண்டுமே என்று தமிழுக்கு மாறினார்கள். அதுவும் மரியாதைதான்.

"என்னம்மா படிச்சிருக்கே?"

எங்கள் பக்கத்தில் மணமாகாத பெண்ணிடம் ஓர் அந்நியர் கேள்வி கேட்டால், கூட இருக்கும் பெரியவர் பதில் சொல்வார். அது பெண்ணை அடக்குவது என்று யாரும் நினைத்ததில்லை. பெண்ணைத் தனியாக விடாமல் இருப்பது என்றே நினைத்தார்கள். அப்பா ஒரு கணம் பேசாமல்தான் இருந்தார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பதில் சொன்னார்.

"பி.எஸ்ஸி. பாட்டனிங்க. பஸ்ட் கிளாசுங்க."

"இந்த வேலைக்கு வரணும்னு ஏம்மா தோணுச்சு?"

"படிச்ச புள்ள ஊட்டுல சும்மா இருக்க வேண்டாமுன்னுதானுங்க."

இந்தக் கேள்விக்கு அத்தை எவ்வளவு அழகான பதில் வைத்திருந்தாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அந்தக் கேள்வியே வந்தது. வேரில் இருக்கும் தண்ணீர் உச்சி இலைக்கு எப்படிப் போகிறது?

அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் சொல்வதற்கு இருந்தது. "கீழ நல்லா ஊத்து இருந்தா அதே மேல தள்ளிக் குடுத்துருமுங்க. எங்க கெணத்துல அஞ்சு எச்.பி. மோட்டாருங்க. போட்டா தென்ன மர ஒசரத்துக்கு அடிக்குது. மரத்துக்கும் வேருதானுங்களே மோட்டாரு."

தலைவர் சிரித்தார். கேலி இல்லை, அப்பாவை அவருக்குப் பிடித்துவிட்டது. நான் கையைத் தூக்கினேன். அப்பா அதைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். ஓரத்தில் இருந்த பேராசிரியை, "அவங்களே சொல்லட்டுமே" என்றார்.

"சொல்லு அம்மிணி, பயப்படாத" என்றார் அப்பா.

அத்தை மேசையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "அண்ணன் சொன்னதுதாங்க" என்றாள்.

முடிவு தபாலில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு அதுதான் ஏமாற்றமாக இருந்தது.

பஸ்ஸில் அப்பா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். "பாத்தயா கண்ணு, எத்தன மரியாதையாச் சேரு போட்டாங்க. வேல வந்த மாதிரிதான்."

"ஆமாங்கண்ணா."

"அத்தை, மோட்டாருன்னது தப்புதான?" என்று அவள் காதில் கேட்டேன்.

"கம்முனு முறுக்கத் தின்னு சாமி."

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவை அவள் நங்கை என்று கூப்பிடுவாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏன் அம்மிணி, தெரிஞ்சதச் சொல்லறதுக்கென்ன?"

"அண்ணன் சொன்னது தப்புன்னு அத்தன பேரு முன்னால எப்பிடிங்க நங்கை சொல்லறது? அவரு இல்லீன்னா நான் காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டனே."

அம்மா ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள்.

அந்த வாரமே அத்தை ஒரு மனு எழுதினாள். நேர்காணலில் தான் பேசவில்லை, தனியாக வந்து பேச இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று. அண்ணன் மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லையாம். பால் ஊற்றப் போகும்போது அம்மாவே அதைத் தபாலில் சேர்த்தாள்.

அப்படிப்பட்ட மனு என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும். முதலில் தவறான பிரிவுக்குப் போகும். அங்கிருந்து சரியான பிரிவுக்கு, தாமதத்துக்கான விளக்கத்தோடு வரும். உடன் வந்தவர் உள்ளே அனுமதிக்கப்பட்டது உண்மையா என்று கல்லூரியிடம் அறிக்கை கேட்பார்கள். உண்மை என்று ஒப்புக்கொள்ளக் கல்லூரிக்கு மனம் வராது, நினைவூட்டல் போகும். விதியை மீறிச் சலுகை கேட்பவர்களுக்குக் கோப்பில் வழி உண்டு. தன் விஷயத்தில் விதியைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்பவருக்கு எந்தத் தலைப்பில் கோப்புத் திறப்பது என்றே பிரிவுக்குத் தெரியாது. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் சீக்கிரம் முடித்திருப்பேனா என்பது சந்தேகம்.

தை பிறந்ததும் குமாரபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்த விசைத்தறிக் கூடம், நல்ல குடும்பம். அப்பா இரண்டு முறை அத்தையிடம், "வேலைச் சேதி வரட்டுமுன்னு பாக்கலாமா கண்ணு?" என்று கேட்டார். இரண்டு முறையும் அவள், "உங்க இஷ்டமுங்கண்ணா" என்றாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஆடி மாதம் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அப்பா போய் அத்தையைக் கூட்டிவந்தார். ஆடிப்பெருக்கு நோம்பியன்று எங்கள் ஊரில் மரத்துக்கு மரம் தூரி கட்டி ஆடுவார்கள். தூரி என்றால் ஊஞ்சல். எங்கள் வீட்டுப் புறக்கடை வேம்பில் கட்டலாம் என்று அப்பா கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். உறையை அப்பாதான் வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்ததால் அத்தையிடம் கொடுத்தார்.

அவள் படித்தாள். "இன்னொருக்கா வரச் சொல்லியிருக்காங்கண்ணா. தனியா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "தனியா எதுக்குக் கண்ணு? நானும் வாரேன். மாப்பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். மூணு பேருமாப் போலாம்."

அத்தை கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். "வேண்டாமுங்கண்ணா. உடுங்க."

"ஏன்? பயமா?"

"இல்லீங்க. தறி வேலை கெடக்குது. அங்க ஆளில்ல."

அப்பா கயிறு எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். அம்மா மெதுவாக, "போறயா அம்மிணி? நான் சொல்லிக்கறேன்" என்றாள். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆபீசரே, வேல இருக்குதுங்களா?"

எனக்கு ஒரே சந்தோஷம். மூட்டைகளை விற்றுவிட்டிருந்ததால் அம்மிக்கல் மேல் ஏறி உட்கார்ந்தேன். அத்தை புதுப்பட்டுச் சேலையோடு வேம்புக்கு அடியில் நின்றாள். பெயர், ஊர், படிப்பு, ஏன் இந்த வேலை, எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தண்ணீர்க் கேள்வியைக் கேட்டேன். யாரும் கீழேயிருந்து தள்ளுவதில்லை என்று ஆரம்பித்தாள். அப்போது புறக்கடைப் படியில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. இப்போது நிறுத்திவிடுவாள், மார்க்கைக் குறைக்கலாம் என்று நான் காத்திருந்தேன்.

அத்தை நிறுத்தவில்லை. குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கை மேலே எழுந்தது. இலை, வெயில், மெல்லிய குழாய், ஒன்றையொன்று விடாத துளிகள் என்று கடைசி வரைக்கும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அப்பா தோளில் வடக்கயிறோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்த பிறகும் அவர் புறக்கடைக்குள் வரவில்லை.

எல்லாம் சரியாக இருந்ததால் நான் முழு மார்க் போட்டேன். "நீங்க போலாம். முடிவு தபால்ல வரும்" என்றேன். எப்போதும் சிரிக்கும் இடம் அது. அன்று ஏன் யாருமே சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. எப்போது தூரி கட்டுவீர்கள் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஆடிப் பதினெட்டு.