யாராவது விழ வேண்டும்

வளைகுடாவில் ஒரு பெரிய நகரம். அந்த நகரத்துக்கென்று சம்பளம் வாங்கி ஆடுகிற கூடைப்பந்து அணி ஒன்று உண்டு. ஊருக்கு நடுவே அவர்களுக்குக் கூரை போட்ட அரங்கம். அங்கே என் வீட்டுக்காரருக்குத் தரை துடைக்கிற வேலை. ஆட்டக்காரன் யாராவது விழுந்தால் வியர்வை பட்ட இடம் வழுக்கும். ஓடிப்போய்த் துடைத்துவிட்டு, ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் ஓடி வந்துவிட வேண்டும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அந்த ஆட்டத்தின் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் சங்கரன்கோவிலில் பூக்கடையை அடைத்துவிட்டு வந்து, ஒரு ஆட்டம் விடாமல் போனில் பார்ப்பேன். எப்போது கேட்டாலும் அவர் ‘நல்லாருக்கேன்’ என்பார். அந்தப் பேச்சை நம்ப முடியாது. அவர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஊரில் இருந்தபோது அவருக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்தார். அதை மறைத்துத்தான் அங்கே போயிருந்தார். தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

யாராவது விழுந்தால்தான் அவர் போனில் தெரிவார். அதனால் யாராவது விழ மாட்டார்களா என்று நானும் மாமியாரும் போனையே பார்த்துக்கொண்டிருப்போம்.

“ஏட்டி, அந்த நெட்டக்காலன் இன்னைக்கு விழுவானா?”

“தெரியல அத்தை. சாஞ்சு சாஞ்சுதான் ஓடுதான்.”

“நம்மூரு ரோட்டுல ஓடச் சொல்லு. ஒரே எட்டுல விழுந்துருவான்.”

ஒரு வாரம் அவர் போனை எடுக்கவே இல்லை. ‘வேலை அதிகம்’ என்று எழுத்தில் மட்டும் வந்தது. அந்த வாரத்து ஆட்டத்தில் நெட்டக்காலன் சீக்கிரமே விழுந்தான். துடைக்க ஓடி வந்தது வேறு ஆள். இன்னொருவன் விழுந்தான். அப்போதும் அதே ஆள்.

“நம்மாளக் காணுமே,” என்றார் மாமியார்.

“லீவா இருக்கும் அத்தை.”

மாமியாரின் போனை வாங்கி, என் வீட்டுக்காரரோடு அறையில் இருக்கும் கடையநல்லூர்த் தம்பியைக் கூப்பிட்டேன். அவனும் அதே கம்பெனி. வலிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வரக்கூடாது.

“ஒங்க அண்ணன் போனே எடுக்க மாட்டுக்காவளே தம்பி. சாப்புடுதாவளா?”

அவன் சிரித்தான். “அத ஏன் கேக்கிய மதினி. தூக்கத்துல மேல்கட்டில்ல இருந்து உருண்டு விழுந்துட்டாரு. ரூமே கேலி பண்ணுது. நாக்குல பல்லு பட்டுட்டு, பேச முடியல. கஞ்சிதான் ஓடுது. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிடுதாரு.”

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ தெரியவில்லை.

“அவுக எப்பவும் பொரண்டு பொரண்டுதான் படுப்பாவ தம்பி. கீழ்க்கட்டில் கெடச்சா நல்லது.”

“அதுக்கென்ன, என் கட்டில குடுத்துருதேன்.”

போனை வைத்தேன்.

“என்னட்டி சொல்லுதான்?”

“நாக்குல புண்ணாம் அத்தை. கஞ்சி குடிக்காவளாம்.”

என் போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ விழுந்திருப்பான் போல, கூட்டம் சத்தம் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.