கடலுக்குப் போய்ச் சேராத தண்ணீர்

நேற்று திருவண்ணாமலை மார்க்கெட்டில் இறால் வாங்கினேன். பண்ணை இறால், ஐஸ் வாடையைத் தவிர ஒன்றுமில்லை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து இறாலில் லேசாகச் சேற்று மணம் இருக்கும். அந்த மணத்தோடு கடலூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து விற்றவர் அஞ்சலை அக்கா. பௌர்ணமிக்கு மட்டும் வரமாட்டார். கிரிவலம் வந்த கூட்டத்தில் யார் இறால் வாங்குவார்கள்?

அப்போது எனக்கு, அவர் ஊர் ஆற்றின் மேலே இருந்த அணையின் அலுவலகத்தில் புது வேலை. நீர்மட்டத்தைக் கரும்பலகையில் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் மதகையே நான்தான் திறப்பதுபோல் நடை. அக்கா அதை நம்பிவிட்டார். "தம்பி, எங்க ஆத்துக்குக் கொஞ்சம் தண்ணி வுடச் சொல்லேன்" என்று ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு வழி தெரியாமல், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அதிகாரிகள் நடத்திய விவசாயிகள் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

அக்கா பேசத் தொடங்கியதுமே பாசன விவசாயி ஒருவர் எழுந்துவிட்டார்.

"இங்க நெல்லு கருவுது. கடல்ல கொண்டுபோய் ஊத்தச் சொல்றியாம்மா?"

"கடலுக்குக் கேக்கலய்யா. ஆத்துத் தண்ணி வந்து தள்ளலன்னா முகத்துவாரத்த மண்ணு அடைச்சிடுது. உப்பு ஜாஸ்தியானா எறாக்குஞ்சு தங்கறதில்ல. போன வாரம் அந்த மண்ணுல மோதித்தான் எம்புள்ள படகு கவுந்துச்சு. உசுரோட வந்துட்டான். அடுத்தவாட்டி?"

அந்த விவசாயி உட்கார்ந்துவிட்டார். பிறகு அதிகாரிகள் பக்கம் பார்க்காமலே, "எங்க வாய்க்கா மொறையில ஒரு நாள் தண்ணிய ஆத்துல வுடுங்க" என்றார். கருகிக்கொண்டிருந்த பயிரை வைத்துக்கொண்டு அதைச் சொன்னார்.

திறந்தார்கள். தண்ணீரைப் பார்க்க நானும் அக்காவும் ஆற்றின் போக்கில் கீழே ஒரு பாலத்தடியில் போய்க் காத்திருந்தோம். வந்தது. முழங்கால் அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன், பாதம்தான் நனைந்தது. மணல் அள்ளிய பள்ளம் ஒவ்வொன்றும் குடித்ததுபோக மிச்சம். எங்கள் கண்ணெதிரே அடுத்த பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. அக்கா மண்டியிட்டு, மணலைக் கையால் பறித்து வாய்க்கால் போட ஆரம்பித்தார். "வா... இப்டி வா..." கடல் எவ்வளவோ தூரம். நானும் உட்கார்ந்து பறித்தேன். விரல் எரிந்தது. பறித்த இடமும் குடித்தது. நகக்கண்ணில் ரத்தம் வந்தபிறகுதான் அக்கா நிறுத்தினார். அழவில்லை. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்த விவசாயியின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயிர் போய்விட்டதென்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவும் சில மாதங்களில் வருவதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் அக்காவின் ஊருக்குப் போனேன். குடும்பத்தோடு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்களாம். யாருக்கும் இடம் தெரியவில்லை. முகத்துவாரத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று, வண்டியை ஒரு மணல்மேட்டில் நிறுத்திவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன்.

"நீங்க வண்டிய நிறுத்தியிருக்கீங்களே, அந்த எடந்தாங்க."