கரிநாளும் பனிப்புயலும்

என் கணவருக்குப் பஞ்சாங்கம் தெரியும், வடக்குத் தெரியாது. கனடாவின் வடக்கை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. நான் அங்கே, அங்காவா விரிகுடா ஓரத்து இனுயிட் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் தாதி. சில கிழமைகள் அங்கே, சில கிழமைகள் மொன்றியலில், வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில். அந்த ஊருக்குத் தெரு கிடையாது. பாலும் மரக்கறியும் நோயாளியும் விமானத்தில்தான் வரவேண்டும், போகவேண்டும். அதனால் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: விமானம் வந்தால் ஏறு, நாளைக்கு என்று சொல்லாதே.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஞாயிறு காலை பொன்னுருக்கல் என்று நாள் வைத்திருந்தோம். தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் உருக்குவது. நான் இல்லாமல் நடந்தால் சனம் என்ன கதைக்கும் என்பதை விடுங்கள். எனக்கு ஒரே பிள்ளை. நான் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்கு டிக்கெட். புதன் மாலை கணவர் அழைத்தார்.

"இஞ்சாரும், வியாழன் கரிநாளப்பா. வெள்ளிக்கு மாத்திப் போட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"நல்ல காரியத்துக்கு வாறனீர். கரிநாளில ஏன் வெளிக்கிடுவான்?"

வியாழன் விமானம் நீல வானத்தில் சந்தோஷமாகப் போனது. மருத்துவ நிலைய ஜன்னலால் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அன்று மாலையே பனிப்புயல் இறங்கியது. வெள்ளி முழுக்க எதிர்வீடு தெரியவில்லை.

"உங்கட பஞ்சாங்கத்தில புயலைப் போடேல்லையோ?" என்று தொலைபேசியில் கேட்டேன். அவர் மெதுவாக, "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறன்," என்றார்.

"ரெண்டாய் உடையுங்கோ," என்று வைத்துவிட்டேன்.

எங்கள் நிலையத்தில் மொழிபெயர்க்கும் இனுயிட் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்கள் வானத்தைப் பார்த்துப் பயணம் போவோம். உன் மனுஷன் புத்தகத்தைப் பார்க்கிறாரா?" அவளும் அதே வெள்ளி விமானத்துக்குக் காத்திருந்தவள்தான். பிரசவம் சிக்கலாகலாம் என்று அவள் தங்கையை மொன்றியலுக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே புயல் அடங்குமுன்னே அங்கே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தங்கை அங்கே தனியே.

சனி மதியம் வானம் வெளித்தது. விமான நிலையம் என்ற அந்த ஒற்றை அறையில் ஊரே நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளியை ஏற்றவேண்டியிருந்ததால் இருக்கைகள் குறைந்தன. அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்கில்லை. நான் அழுதேன். கோபக்காரி அழுதால் பார்க்கச் சகிக்காது. அவளாலும் சகிக்க முடியவில்லை போலும். கவுண்டருக்குப் போய் அங்கிருந்தவனிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். தன் இடத்தை எனக்கு மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ போ. நான் அடுத்ததில் வருகிறேன். ஆனால் இன்றைக்கே தங்கையைப் போய்ப் பார். இன்று யாராவது குழந்தையைத் தூக்க வருவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

உறைந்த மீன் பெட்டி ஒன்றையும் கையில் திணித்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் வாய் செத்துக் கிடக்கும் தங்கைக்கு.

மொன்றியலில் இறங்கியபோது, கணவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. ஒரு தாயையும் பிள்ளையையும் பாக்கவேணும், நேற்றுத்தான் பிறந்தது."

"விசரோ? துடக்கப்பா, பிள்ளை பெத்த தீட்டு! விடிஞ்சால் பொன்னுருக்கல்."

"அப்ப இந்த மீனை வீட்டுக்குக் கொண்டு போவமோ?"

மனிதர் பெட்டியைப் பார்த்தார். பொன்னுருக்கல் வீட்டுக்குள் மீன் மச்சம் நுழைவதை நினைத்திருப்பார். "பிள்ளை பெத்த துடக்குச் சொந்தக்காரருக்குத்தானே," என்று நானே வழி விட்டேன்.

"அதுசரி, அவை எங்களுக்கு என்ன சொந்தம்?"

அப்போதுதான் அந்த இருக்கையைப் பற்றிச் சொன்னேன். கார் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது.

காரிலேயே இருக்கிறேன் என்றவர், பெட்டி பாரம் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு மேலே வந்தார். தங்கைக்காரி மீனைக் கண்டு சிரித்தாள், உடனேயே அழுதாள். நான் குழந்தையைத் தூக்கி, தொலைபேசியில் அக்காவுக்குக் காட்டினேன். கறுத்த முடி, கோபமான முகம். "உன்னைப் போல இருக்கிறாள்," என்று அவள் என்னைக் கேலி செய்தாள். என் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் நிற்பதற்காக, இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் இல்லை.

கணவர் இரண்டு கையையும் நீட்டினார். "இஞ்ச தாரும்."

"துடக்கெல்லோ?"

குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அதன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொந்தமெண்டால் துடக்கு இருக்கத்தானே வேணும். விடிய எழும்பித் தலை தோய்வம்."